காவல் யாருக்காக? ‘பேட்டில்ஸ்டார் கேலக்டிகா’ தொடரில் கலக்கூட்டமும் ரோந்து விமானங்களும்

ஆய்வுச் சுருக்கம்

போர்சார் அறிவியல் புனைவுகளில் பெரிய விண்கலங்களைச் சுற்றிச் சிறிய போர்விமானங்கள் ரோந்து செல்வது மீண்டும் மீண்டும் இடம்பெறும் காட்சியாகும். இரண்டாம் உலகப் போரின் விமானந்தாங்கிக் கப்பல் மரபிலிருந்து வந்த இக்காட்சி, விண்வெளியின் இயற்பியலோடு பொருந்தாது என்ற விமர்சனம் நெடுங்காலமாக உள்ளது. அவ்விமர்சனத்தை ஏற்றுக்கொண்டே, இக்காட்சி புனைவில் ஆற்றும் பணி வேறு என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. ‘பேட்டில்ஸ்டார் கேலக்டிகா’ (2003–2009) தொடரின் நான்கு பகுதிகளை முதன்மைச் சான்றாகக் கொண்டு, ரோந்து என்பது காப்பவருக்கும் காக்கப்படுவோருக்கும் இடையிலான அரசியல் உறவைச் சோதிக்கும் களமாக அமைவதையும், அச்சோதனையில் தொடர் எங்கே தயங்கி நிற்கிறது என்பதையும் கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: அறிவியல் புனைவு, போர் இலக்கியம், ரோந்து, நொச்சி, பாசறை, கேலக்டிகா, குடிமக்கள்.

1. முன்னுரை

தமிழில் அறிவியல் புனைவு குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் கருப்பொருள் அளவிலேயே நிகழ்கின்றன. எதிர்காலம், இயந்திரம், வேற்றுக்கோள் உயிர் ஆகியவை பேசப்படும் அளவிற்குப் போர்சார் அறிவியல் புனைவின் உத்திகள் பேசப்படுவதில்லை. போர் இலக்கியத்தைத் திணை, துறை எனப் பகுத்து, ஒவ்வொரு போர்ச் செயலுக்கும் தனிப்பெயர் சூட்டிய மரபைப் பயில்வோர்க்கு இவ்வகைப் புனைவு புறம்பானதன்று. போரின் எந்தச் செயல் கதையாக்கப்படுகிறது, எது விடப்படுகிறது என்ற வினா இரண்டிற்கும் பொதுவானது.

இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் செயல் காவல் ரோந்து. தாக்குதலுக்குச் செல்லும் விமானம் இலக்கை அடைந்து திரும்பினால் அதன் கதை முடிகிறது. ரோந்து விமானத்திற்கு அத்தகைய முடிவு இல்லை. எதுவும் நிகழாமல் இருப்பதே அதன் வெற்றி. நிகழாமையை எவ்வாறு கதையாக்குவது என்ற சிக்கலை இவ்வகைப் புனைவு எதிர்கொள்ளும் முறையே இங்கு ஆய்வுப்பொருள்.

கிளென் லார்சன் உருவாக்கிய பழைய ‘பேட்டில்ஸ்டார் கேலக்டிகா’ 1978இல் ஒளிபரப்பானது. ரொனால்ட் மூர் அதனை மறுஆக்கம் செய்தார். 2003 திசம்பரில் குறுந்தொடராகத் தொடங்கிய அம்மறுஆக்கம் 2009 மார்ச்சு வரை நான்கு பருவங்கள் நீடித்தது. மனிதர் படைத்த சைலான் இயந்திரங்கள் பன்னிரண்டு குடியேற்றக் கோள்களை அழிக்கின்றன. எஞ்சிய ஏறத்தாழ ஐம்பதாயிரம் மனிதர்கள் பயணக் கலங்களிலும் சரக்குக் கலங்களிலும் தப்பியோட, பணி ஓய்வு பெற்று அருங்காட்சியகமாக மாறவிருந்த கேலக்டிகா என்ற போர்க்கலம் அவர்களுக்குக் காவலாகிறது. அதன் வைப்பர் என்னும் சிறு விமானங்கள் கலக்கூட்டத்தைச் சுற்றி ஓயாது ரோந்து செல்கின்றன.

2. கடலிலிருந்து விண்வெளிக்கு

விமானந்தாங்கிக் கப்பலைச் சுற்றிப் போர்விமானங்களை எந்நேரமும் வானில் நிறுத்திவைக்கும் முறை பசிபிக் கடற்போரில் முழு வடிவம் பெற்றது. அதன் வலிமையும் வரம்பும் ஒருசேர வெளிப்பட்ட நாள் 1942 சூன் 4. மிட்வே போரில் ஜப்பானியக் கப்பல்களைக் காத்த சீரோ விமானங்கள், தாழப் பறந்துவந்த அமெரிக்க டார்பிடோ விமானங்களைப் பெருமளவில் வீழ்த்தின. ஆனால் அவற்றின் கவனம் தாழ்வான உயரத்திற்கு ஈர்க்கப்பட்டிருந்தபோது, மேலிருந்து பாய்ந்த குண்டுவீச்சு விமானங்கள் சில நிமிடங்களுக்குள் மூன்று விமானந்தாங்கிக் கப்பல்களை எரியச் செய்தன. எச்சரிக்கை தர ரேடார் இல்லை. சீரோவின் இறக்கைப் பீரங்கி ஒவ்வொன்றிலும் இருந்தவை 60 குண்டுகளே. ஆகவே அவை அடிக்கடி தரையிறங்கிக் குண்டு நிரப்ப நேர்ந்தது. ரோந்து விமானங்கள் ஏறி இறங்கிக்கொண்டிருந்த தளத்தில், எதிர்த்தாக்குதலுக்குரிய விமானங்களை வரிசைப்படுத்த இடமும் நேரமும் கிடைக்கவில்லை.

அதே ஆண்டு ஏப்ரல் 9 அன்று மட்டக்களப்புக் கடலில் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் ஹெர்மிஸ் மூழ்கடிக்கப்பட்டபோது அதன் தளத்தில் விமானம் ஒன்றும் இல்லை. 307 பேர் உயிரிழந்தனர். காவல் இருந்தும் வீழ்ந்த கப்பல்களையும் காவலின்றி வீழ்ந்த கப்பலையும் அருகருகே வைத்து நோக்கினால், ரோந்து முழுப் பாதுகாப்பு அன்று என்பதும், ரோந்தின்மை முழு அழிவாகலாம் என்பதும் ஒருசேர விளங்கும். இவ்விரு உண்மைகளுக்கு இடைப்பட்ட பதற்றத்தையே அறிவியல் புனைவு கடலிலிருந்து எடுத்துக்கொண்டது.

எடுத்துக்கொண்ட இடம் பொருந்துமா என்பது அடுத்த வினா. கடலில் கப்பல் நீரிலும் விமானம் காற்றிலும் இயங்குகின்றன. ஊடகம் வேறானதால்தான் விமானம் கப்பலைவிடப் பன்மடங்கு விரைவு பெறுகிறது. விண்வெளியில் பெரிய கலமும் சிறிய கலமும் ஒரே வெற்றிடத்தில் இயங்குவதால் சிறுமைக்கு அத்தகைய தனிச்சலுகை இல்லை. மேலும், கடற்பரப்பு கீழ்த்திசையை ஓரளவு அடைத்துவிடுகிறது. விண்வெளியில் ஒரு கோளத்தின் முழுப்பரப்பையும் காக்கவேண்டும். காவல் எல்லையின் ஆரத்தை இரட்டித்தால் காக்கவேண்டிய பரப்பு நான்கு மடங்காகும். ஒரு சில விமானங்கள் அப்பரப்பைக் காப்பதாகக் காட்டுவது இயற்பியல் நோக்கில் நம்பத்தக்கதன்று.

புனைவுகள் இதனை அறியாதவை அல்ல. ‘பாபிலன் 5’ தொடரின் ஸ்டார்ஃபியூரி விமானங்களும், பின்னர் கேலக்டிகாவின் வைப்பர்களும், முன்னோக்கிச் சென்றுகொண்டே உடலைத் திருப்பிப் பின்னோக்கிச் சுடுவதாகக் காட்டப்பட்டன. காற்றில்லா வெளியின் இயக்கவிதிகளுக்கு அது பொருத்தமானது. எனினும் விமானம் என்ற கருத்தே கைவிடப்படவில்லை. ஏன் என்ற வினாவிற்கு, பழக்கம் என்ற விடை போதாது. பெருங்கலத்தின் போரில் முடிவெடுப்பவர் ஒருவர், சுடுபவர் வேறொருவர், இறப்பவர் மற்றொருவர். ரோந்து விமானத்தில் இம்மூவரும் ஓர் உடலுக்குள் ஒடுங்குகின்றனர். காவலின் விலையை ஒரு முகத்தில் காட்ட விரும்பும் புனைவிற்கு அச்சிறு விமானம் தேவைப்படுகிறது. இதுவே இக்கட்டுரையின் கருதுகோள்.

3. முப்பத்து மூன்று நிமிடங்கள்

2005இல் ஹியூகோ விருது பெற்ற ‘33’ என்னும் பகுதி இக்கருதுகோளுக்கு முதற்சான்று. கலக்கூட்டம் ஒவ்வொரு முறை தாவி மறைந்தபின்னும் சரியாக 33 நிமிடங்களில் சைலான்கள் தோன்றுகின்றன. 237 தாவல்கள் நிகழ்ந்துள்ளன. 237ஐ 33ஆல் பெருக்கினால் 7,821 நிமிடங்கள், அதாவது 130 மணி நேரத்திற்குச் சற்று மேல். கதைமாந்தர் கூறும் உறக்கமற்ற நேரமும் அதுவே. கணக்குப் பிசகாத இப்புனைவில் பகைவரின் முதன்மைப் படைக்கலமாக அமைவது கடிகாரம்.

இங்கு ரோந்தின் பொறியியல் வரம்பு கதையின் அச்சாகிறது. பெருங்கலங்கள் தாவக்கூடியவை. வைப்பர்களுக்கு அத்திறன் இல்லை. ஆகவே குடிமக்கள் கலங்கள் யாவும் தாவி முடிக்கும்வரை அவை பகைவரைத் தடுத்து நிற்கவேண்டும். பின்னர் கேலக்டிகா தாவுமுன் அதன் தளத்திற்கு விரைந்து திரும்பவும் வேண்டும். காப்பவர் கடைசியாகவே புகலிடம் அடைகின்றனர். பிந்தியவருக்கு மீட்சி இல்லை. ஒவ்வொரு 33 நிமிடத்திற்கும் இச்சுழற்சி மீள நிகழ்கிறது. விமானிகளுக்கு ஊக்கமருந்து வழங்கப்படுகிறது. காவல் என்பது வீரத்திலிருந்து சோர்வை நிருவகிக்கும் பணியாக மாறுகிறது.

பகுதியின் உச்சம் போர்க்காட்சியன்று. தாவலின்போது பின்தங்கிவிட்ட ஒலிம்பிக் கேரியர் என்ற பயணக்கலம் தனியே திரும்பி வருகிறது. அதில் 1,345 பேர் இருந்ததாகப் பதிவு. அதன் வழியாகவே சைலான்கள் பின்தொடர்கின்றனர் என்ற ஐயம் எழுகிறது. நிற்குமாறு இட்ட ஆணைக்கு அது பணியவில்லை. அதில் அணுவாயுதம் இருப்பதாகக் கருவிகள் எச்சரிக்கின்றன. குடியரசுத் தலைவர் ராஸ்லினின் ஒப்புதலோடு அதனை அழிக்கும் ஆணை ரோந்து விமானிகளுக்கு வருகிறது. அப்பல்லோ என அழைக்கப்படும் விமானி அக்கலத்தின் சாளரங்களை நெருங்கிப் பார்க்கிறான். உள்ளே மனிதர் இருந்தனரா என்பதை அவனால் உறுதிசெய்ய இயலவில்லை. சுடுகிறான்.

காக்கப்படவேண்டிய கலத்தையே காவல் அழிக்கும் இத்தருணத்தில், முற்பகுதியில் கூறிய சிறு விமானத்தின் கதைப்பயன் வெளிப்படுகிறது. பெருங்கலத்தின் பீரங்கி சுட்டிருந்தால் அது ஓர் ஆணையின் நிறைவேற்றமாக மட்டும் அமைந்திருக்கும். சாளரத்தை எட்டிப்பார்க்கும் தொலைவில் ஒருவனை நிறுத்தியதால் அச்செயலுக்குச் சாட்சி பிறக்கிறது. இறுதிக் காட்சியில் ராஸ்லினின் பலகையில் எஞ்சியோர் தொகை 47,972 எனக் குறிக்கப்பட்டிருக்க, குழந்தை ஒன்று பிறந்த செய்தி வருகிறது. தொகை 47,973 ஆகிறது. அவ்வொன்று, அழிக்கப்பட்டவர்களுக்கு ஈடாகுமா என்ற வினாவிற்குத் தொடர் விடை கூறவில்லை. கூறாமல் விட்டது இப்பகுதியின் நேர்மை.

4. உறங்காமை: பாசறை மரபோடு ஓர் ஒப்பீடு

இவ்விடத்தில் தமிழ்ப் போர் இலக்கிய மரபோடு ஓர் ஒப்பீடு பயன்தரும். இது தாக்கம் குறித்த கூற்றன்று. வகைமை நோக்கிலான ஒப்பீடே.

மதில் முற்றுதல், மதில் காத்தல் ஆகிய இரண்டையும் தொல்காப்பியம் உழிஞைத் திணைக்குள் அடக்குகிறது. புறப்பொருள் வெண்பாமாலை மதில் காத்தலை நொச்சி எனத் தனித்திணையாக்குகிறது. காத்தலைத் தாக்குதலின் மறுபக்கமாகக் கருதுவதா, தனக்கெனத் தனி அறமுடைய செயலாகக் கருதுவதா என்ற வேறுபாடு இவ்வகைப்பாட்டில் உள்ளது. கேலக்டிகாவின் ரோந்து நொச்சியின் பக்கம் நிற்பது. ஆனால் அங்கு மதில் இல்லை. மனித உடல்களே நகரும் மதிலாகின்றன.

முல்லைப்பாட்டின் பாசறைப் பகுதியும் இங்கு எண்ணத்தக்கது. நப்பூதனார் அப்பாசறையில் காவலர்களை மட்டும் காட்டவில்லை. நீர்க்கடிகையால் பொழுதளந்து அரசனுக்கு அறிவிப்போரையும் காட்டுகிறார். காவல் சூழ்ந்த உள்ளறையில் அரசன் உறங்கவில்லை. புண்பட்ட யானைகளையும் குதிரைகளையும், தனக்காக மாண்ட வீரர்களையும் எண்ணி விழித்திருக்கிறான். காலக்கணக்கு, காவல், உறங்காமை ஆகிய மூன்றும் ‘33’இலும் உள்ளன. வேறுபாடு உறங்காமையின் பொருளில் உள்ளது. முல்லைப்பாட்டில் அது தலைவனின் நினைவுச்சுமை. நெடுநல்வாடையில் நள்ளிரவில் புண்பட்டோரைக் காணச் செல்லும் வேந்தனின் விழிப்பும் அத்தகையதே. ‘33’இல் உறங்காமை அனைவருக்கும் பொது. தலைவர், விமானி, பழுதுபார்ப்போர், பயணி என்ற வேறுபாடின்றி அது பரவுகிறது. விழிப்பு உயர்ந்தோரின் பண்பு என்ற நிலையிலிருந்து, எல்லோர் மீதும் ஏற்றப்பட்ட சுமை என்ற நிலைக்கு இறங்குகிறது. மக்கள் முழுமையும் போர்க்களத்தினுள் வைக்கப்பட்ட தற்காலப் போரின் இயல்பு இது.

5. ஈடுசெய்ய இயலாத வீரர்

முதற் பருவத்தின் ‘ஆக்ட் ஆஃப் கன்ட்ரிஷன்’ பகுதியில், ஒரு விமானியின் ஆயிரமாவது தரையிறக்கத்தைக் கொண்டாடும் வேளையில் தளத்தில் நேரும் விபத்தில் 13 விமானிகள் இறக்கின்றனர். பகைவர் எவரும் அருகில் இல்லை. எனினும் கலக்கூட்டத்தின் காவல் ஒரே நாளில் குலைகிறது. பயணக்கலங்களிலிருந்து தேர்ந்தெடுத்த இளையோரை ஸ்டார்பக் விமானிகளாகப் பயிற்றவேண்டியதாகிறது. காக்கப்பட்டோரிலிருந்தே காப்போர் வரவேண்டும் என்ற உண்மை இங்கு முதன்முறையாக வெளிப்படுகிறது.

இரண்டாம் பருவத்தின் ‘ஸ்கார்’ (2006) இதனைக் கூர்மைப்படுத்துகிறது. புதிய வைப்பர்கள் கட்டுவதற்கான கனிமம் ஒரு சிறுகோளில் அகழப்படுகிறது. அகழ்வோரைக் காக்கும் ரோந்து விமானிகளை ஸ்கார் எனப் பெயரிடப்பட்ட சைலான் ரெய்டர் ஒன்று ஒவ்வொருவராக வீழ்த்துகிறது. ரெய்டர்கள் மறுபிறப்புடையவை. அழிந்த ஒவ்வொரு முறையும் பெற்ற பட்டறிவோடு அவை மீள்கின்றன. மனித விமானி இறந்தால் அவர் கற்றவை யாவும் அவரோடு அழிகின்றன. ஒரு பக்கத்திற்கு மரணம் கல்வி. மறுபக்கத்திற்கு அது இழப்பு மட்டுமே. தேய்மானப் போரின் தருக்கம் இத்துணைச் சுருக்கமாக வேறெங்கும் கூறப்பட்டதில்லை எனலாம்.

இப்பகுதியின் முடிவும் வகைமை மரபை மீறுகிறது. தலைசிறந்த விமானி பகைவனை நேருக்கு நேர் வெல்வதே எதிர்பார்ப்பு. ஸ்டார்பக் தன்னையே இரையாக்கிப் பகைவனைத் தன் போட்டியாளராகிய கேட் என்பவளின் குறிக்குள் இழுத்துவருகிறாள். வெற்றி கேட்டுக்கு உரியதாகிறது. பின்னர் இறந்த விமானிகளின் பெயர்களை ஸ்டார்பக் ஒவ்வொன்றாகச் சொல்கிறாள். பெயரும் செயலும் பொறித்த நடுகல் போல அப்பட்டியல் அமைகிறது.

ஆனால் இங்கு ஒரு வினா எழுகிறது. கேலக்டிகாவின் நடைவழிச் சுவரில் அனைவரின் உறவினர் படங்களும் ஒட்டப்பட்டிருந்தாலும், கதைக்குள் பெயர் சொல்லி நினைக்கப்படுவோர் பெரிதும் விமானிகளே. ஒலிம்பிக் கேரியரின் 1,345 பேரில் எவர் பெயரும் அவ்வாறு ஓதப்படவில்லை. எஞ்சியோர் தொகை எல்லோரையும் சமமாக எண்ணுகிறது. நினைவு அவ்வாறு எண்ணவில்லை.

6. காக்கப்படுவோர் இல்லாத காவல்

பெகாசஸ் என்ற இரண்டாவது போர்க்கலத்தின் வருகை, கேலக்டிகாவை அதன் மறுவடிவத்தோடு எதிர்நிறுத்துகிறது. பெகாசஸ் புதியது, வைப்பர்களைக் கட்டும் வசதியும் உடையது. படைவலிமையில் அனைத்திலும் மேம்பட்டது. ஆனால் அதற்குக் கலக்கூட்டம் இல்லை. தளபதி கெய்ன் வழியில் கண்ட குடிமக்கள் கலங்களிலிருந்து இயந்திர உறுப்புகளையும் பயன்படத்தக்க ஆட்களையும் கவர்ந்துகொண்டு எஞ்சியோரைக் கைவிட்டவர். மறுத்தோரின் குடும்பத்தினர் சுடப்பட்டதை ‘ரேசர்’ (2007) காட்சிப்படுத்துகிறது.

படைநோக்கில் கெய்னின் தருக்கம் பிழையற்றதாகத் தோன்றும். ரோந்து எரிபொருளைத் தின்கிறது. தாக்கும் ஆற்றலைக் குறைக்கிறது. கலத்தை மெதுவாகச் செல்பவற்றோடு கட்டிப்போடுகிறது. மிட்வேயில் ஜப்பானியத் தளங்களை முடக்கியதும் ரோந்தின் ஓயாத சுழற்சியே. அத்தளைகளை அறுத்த பெகாசஸ் விரைவும் வலிமையும் பெற்றது. பெறாதது நோக்கம். எதற்காகப் போர் என்று வினவினால், போருக்காக என்பதே அதன் விடை. இவ்வாறு நோக்கும்போது கேலக்டிகாவின் ரோந்து படைவலிமையின் குறைபாடு அன்று. படையைப் படையாக வைத்திருக்கும் கட்டு. காப்பதற்கு எவரும் இல்லாத படை கொள்ளைக் கூட்டத்திலிருந்து வேறுபடுவது எவ்வாறு என்ற வினாவைத் தொடர் தயக்கமின்றி எழுப்புகிறது.

7. எரிபொருளும் உழைப்பும்

அத்தயக்கமின்மை ஓரிடத்தில் தளர்கிறது. மூன்றாம் பருவத்தின் ‘டர்ட்டி ஹேண்ட்ஸ்’ (2007) பகுதியில், தூய்மையற்ற எரிபொருளால் பழுதுற்ற ராப்டர் விமானம் குடியரசுத் தலைவரின் கலத்தின் மீதே மோதுகிறது. எரிபொருள் ஏன் கெட்டது என்ற விசாரணை, சுத்திகரிப்புக் கலத்தில் ஓய்வின்றி, மாற்று ஆளின்றி உழைக்கும் தொழிலாளரிடம் கொண்டுசேர்க்கிறது. அவர்களுள் சிறுவரும் உளர். அப்பணி பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்குப் பரம்பரையாக இறங்கத் தொடங்கிவிட்டது.

‘33’இல் விமானிகள் ஐந்து நாள்களுக்கு மேல் உறங்கவில்லை என்பது வீரமாகக் கதையாக்கப்பட்டது. எரிபொருள் தொழிலாளர் அதைவிட நெடிது ஓய்வற்றிருந்தது மூன்றாம் பருவம் வரை கதைக்குள் வரவேயில்லை. ரோந்தின் வட்டம் வானில் தொடங்கித் தளத்தில் முடிவதாகவே தொடர் காட்டிவந்தது. அவ்வட்டம் உண்மையில் சுத்திகரிப்பு உலையில் தொடங்குகிறது.

டைரல் வேலைநிறுத்தம் அறிவிக்கிறார். தளபதி அடாமா அதனைப் படையினரின் கலகமாகக் கருதி, டைரலின் மனைவியைச் சுட்டுக்கொல்லப்போவதாக மிரட்டுகிறார். மிரட்டல் பலிக்கிறது. பின்னர் ராஸ்லின் பேச்சுக்கு உடன்படுகிறார். பணிச்சுழற்சியும் தொழிற்சங்கமும் ஏற்கப்படுகின்றன. இம்முடிவு அமைதியளிப்பது, ஆயின் ஐயத்திற்குரியது. முதற் பருவத்தின் தொடக்கத்தில், படையைக் காவல்துறையாக்கினால் மக்களே பகைவராகிவிடுவர் என்று எச்சரித்தவர் இதே அடாமா. அவர் இங்கு செய்தது கெய்ன் செய்ததற்கு அளவில் சிறியது, தன்மையில் அண்மையது. குடும்பத்தினரின் உயிரைப் பிணையாக வைத்துப் பணியவைக்கும் முறை இரண்டிலும் ஒன்றே. தொடர் கெய்னைக் கண்டித்த அளவிற்கு அடாமாவைக் கண்டிக்கவில்லை. நல்லெண்ணமுடைய தலைவர் என்ற தகுதி அவரைக் காக்கிறது. நாம் உங்களைக் காக்கிறோம் என்ற கூற்று, ஆகவே எங்களை வினவாதீர் என்ற கட்டளையாக மாறும் புள்ளி இதுவே. தொடர் அப்புள்ளியைத் தொட்டுவிட்டு விலகுகிறது.

8. முடிவுரை

மேற்கண்ட ஆய்வு மூன்று முடிவுகளைத் தருகிறது. முதலாவதாக, விண்வெளி ரோந்து இயற்பியல் நோக்கில் வலுவற்றது என்ற விமர்சனம் சரியே. எனினும் கேலக்டிகா போன்ற ஆக்கத்தில் அதன் பணி பொறியியல் சார்ந்தது அன்று. ஆணையையும் செயலையும் சாட்சியையும் ஓர் உடலில் இணைப்பதே அதன் கதைப்பணி. இரண்டாவதாக, ரோந்து காப்பவரைக் காக்கப்படுவோரோடு பிணைக்கும் கட்டாகச் செயற்படுகிறது. அக்கட்டு அறுந்தால் எஞ்சுவது பெகாசஸ். மூன்றாவதாக, விமானியின் முகத்தை அண்மையில் காட்டும் இதே உத்தி, அவரைப் பறக்கவைக்கும் உழைப்பைச் சேய்மையில் நிறுத்துகிறது. காவலின் விலையைக் காட்டும் கருவியே அவ்விலையில் ஒரு பங்கை மறைக்கவும் செய்கிறது.

போர் இலக்கியத்தில் காவல் பற்றிய ஆய்வுகள் காப்பவரிடமிருந்தே தொடங்குவது வழக்கம். மதிலின் உள்ளே உலை மூட்டியவர், நீர் சுமந்தவர், படைக்கலம் வடித்தவர் ஆகியோரிடமிருந்து தொடங்கினால் நொச்சித் துறைகளை எவ்வாறு வாசிப்போம் என்பது மேலாய்வுக்குரிய வினா. ஒரு தொலைக்காட்சித் தொடரின் எரிபொருள் கலம் எழுப்பும் வினா அது என்பதால் அதன் மதிப்புக் குறைந்துவிடாது.